நான்கு தீவுகளுக்கு ஒரு பல் நாற்காலி

எனக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டபோது நான் வேலை பார்த்த தீவில் பல் டாக்டர் கிடையாது. ஆனால் பல் மருத்துவப் பிரிவு இருந்தது. சுகாதார நிலையத்தின் கோடி அறைக்கு நீலச் சாயம் அடித்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பலகை மாட்டி, ரிப்பன் வெட்டித் திறந்து, கையோடு பூட்டியும் விட்டார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு வாஷ்பேசினும், சுவரில் பல்லின் குறுக்குவெட்டுப் படமும் தெரியும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்து அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியதுண்டு. அதனால் அந்தப் பிரிவால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது.

தீவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே, கேம்பல் பே போகும் கப்பல் வழியில் நின்று போகிற இடம். அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்ற தீவுக்காரர்கள் தங்கள் ஊரைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். அதிலும் பெரிய தவறில்லை.

நான் அங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியை. வீடு போர்ட் பிளேரில், ஷாதிபூரில். கணவரும் மகளும் அங்கே, நான் மட்டும் இங்கே குவார்ட்டர்ஸில். போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அது மேலே போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு மேலே இருக்கிறது அந்த அலுவலகம் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் இரவில் மட்டும் வலித்தது. பிறகு வகுப்பில், பிறகு சாப்பிடும்போது, பிறகு யாராவது வாசல் கதவைச் சாத்தினாலே வலித்தது. கிராம்பு வைத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். வலது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டது. துப்பட்டாவால் தாடையைக் கட்டிக்கொண்டு பின்னம் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாரம் பிள்ளைகள் அசாதாரண அமைதியோடு இருந்தார்கள்.

சுகாதார நிலையத்துப் பொறுப்பு டாக்டர் ஒரு வங்காளி. நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். யாரையும் எதிர்த்தும் பேசமாட்டார். என் வாயை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "டீச்சர்ஜி, பல்லை எடுக்கத்தான் வேணும். போர்ட் பிளேர் போங்க."

"டிக்கெட் இல்லை சார். அடுத்த கப்பலும் நிறைஞ்சுடுச்சு. ஹெலிகாப்டர்?"

"அது உயிருக்கு ஆபத்துன்னாதான். பல்லை அப்படி எழுத முடியாது."

"இங்கே பல் பிரிவு இருக்கே சார்?"

"இருக்கு. நாற்காலி வரணும். கப்பல்ல வந்துட்டிருக்கு."

நான் அந்தத் தீவுக்கு வேலைக்கு வந்த நாளிலும் அவர் இதையேதான் சொன்னார். அந்த நாற்காலி எந்தக் கப்பலில் வருகிறது, உலகத்தைச் சுற்றி வருகிறதா என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை.

அந்த நாற்காலி நிஜமாகவே வந்து இறங்கியது. டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தீவுகளின் சுகாதார வசதிகளைப் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்திருந்தது. ஜெட்டியிலிருந்து ஹெலிபேட் வரை சாலையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்து வந்த கப்பலில், பாலித்தீன் தாள் சுற்றிய ஒரு பெரிய பொருளை நான்கு லோடர்கள் இறக்கினார்கள். கூடவே ஒரு இளம்பெண்ணும், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரும் இறங்கினார்கள்.

அவர் ஷாதிபூரில் எங்கள் தெருக்காரர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். அரசாங்கத்துக்கு எது தேவையோ அதை சப்ளை செய்யும் கான்ட்ராக்டர். பெஞ்சு, கட்டில், மின்விசிறி, சோலார் விளக்கு, இப்போது பல் நாற்காலி. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் அவருடைய டேங்கர்தான் வரும். தண்ணீர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை; டேங்கர் வந்துவிடுகிறதே. கோயில் கொடையா, பள்ளிவாசல் கஞ்சியா, சர்ச் திருவிழாவா, எல்லாவற்றுக்கும் அள்ளிக் கொடுப்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவரைக் கெட்டவர் என்று சொல்லும் ஒருவரை ஷாதிபூரில் நான் பார்த்ததில்லை.

அன்று பகலில் அவர் பள்ளிக்கு வந்தார். வரவேற்புக்குக் கொடி பிடிக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்க வந்தவர், வராந்தாவில் என்னைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என் வாழ்க்கையில் என் வீக்கத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் வேறு யாருமில்லை.

"என்ன தங்கச்சி, பல்லா?"

தலையாட்டினேன்.

"கடவுளாப் பாத்து அனுப்புன மாதிரி இருக்கு போங்க. நாளைக்கு சாப் வர்றப்ப நாற்காலில ஒரு பேஷண்ட் இருந்தா நல்லாருக்கும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். டீச்சர், படிச்சவங்க, இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பதில் சொல்வீங்க. வேற என்ன வேணும்?"

"பல்லை எடுப்பாங்களாண்ணே?"

"எல்லாம் சரியாயிடும், டீக் ஹோ ஜாயேகா தங்கச்சி. சும்மா வந்து உக்காருங்க."

விருந்தினர் மாளிகை முழுவதும் அதிகாரியின் பரிவாரத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது. நாற்காலியோடு வந்த இளம்பெண்ணுக்குத் தங்க இடமில்லை. என் குவார்ட்டர்ஸில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று அவளை அங்கே அனுப்பினார்கள். அவள்தான் பல் டாக்டர். திருநெல்வேலிக்காரி, ஒப்பந்த வேலை. பெட்டியை வைத்ததும் என் வாயைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, சீழ் கட்டிருக்கு. எப்படித் தாங்கிட்டு இருக்கீங்க?"

"நாளைக்கு எடுத்துடுவீங்கல்ல?"

நான் அவளுக்கு மீன் குழம்பும் சோறும் போட்டு, எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அதற்குப் பதில் சொன்னாள்.

"அக்கா, இந்த நாற்காலி இங்க இருக்கப்போறது இல்ல. சாப் பாத்துட்டுப் போனதும் பிரிச்சுக் கட்டி, கேம்பல் பே போயிட்டுத் திரும்பி வார அதே கப்பல்ல ஏத்திருவாங்க. இது மூணாவது தீவு. அடுத்து வடக்க ஒண்ணு இருக்கு. நாலு எடத்துக்கும் நாலு நாற்காலின்னு பேரு. இருக்கது இது ஒண்ணுதான்."

"அந்த அதிகாரி ஒரே ஆள்தானே? அவருக்குத் தெரியாதா?"

"அவரு ஹெலிகாப்டர்ல வாராரு. நடுவுல கப்பல் போற நாளாப் பாத்து அவருக்கு பீச்சு, படகுன்னு ப்ரோக்ராம் போட்டுக் குடுத்துருதாங்க. நாற்காலி எல்லா ஊர்லயும் நாற்காலி மாதிரிதானக்கா இருக்கும்?"

"உங்களைப் பார்த்திருப்பாரே?"

"மாஸ்க் போட்டிருப்பேன். ரெண்டு தடவ கை கும்பிட்டேன். ரெண்டு தடவயும் எந்த ஊருன்னு கேட்டாரு. ரெண்டு தடவயும் திருநெல்வேலின்னேன். ரெண்டு தடவயும் அல்வான்னு சொல்லிச் சிரிச்சாரு."

நான் சிரிக்கப் போய், வலியில் கண்ணீர் வந்தது. அவளும் சிரித்தாள், ஆனால் முகம் வாடியிருந்தது. "வேலைக்குச் சேந்ததுல இருந்து ஒரு பல்லக்கூடத் தொடல அக்கா. தண்ணி லைன் மாட்ட விட மாட்டேங்காங்க. மாட்டுனா கழட்ட நேரமாகுமாம்."

மறுநாள் காலை நான் போனபோது கோடி அறை திறந்திருந்தது. நடுவில் நாற்காலி. மேலே விளக்கு எரிந்தது. தலை வைக்கும் இடத்தில் மட்டும் பாலித்தீன் தாளை எடுக்காமல் விட்டிருந்தார்கள். வெளியே வராந்தாவில் இருபக்கமும் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் காட்டுவதற்காகச் சுகாதாரத் துறை வண்டியில் அழைத்து வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் கன்னத்தில் கை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார் கான்ட்ராக்டர். ஒரு நிக்கோபாரிப் பெரியவர் மட்டும் ஏற்கனவே கையை வைத்திருந்தார். அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் பெண் மாஸ்க்கை இழுத்துவிட்டு, என் வாயில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பாண்டு வாத்தியம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தங்கள். அதிகாரி உள்ளே வந்தார். கையில் குழாய் போட்ட இளநீர். பொறுப்பு டாக்டர் பின்னால், கான்ட்ராக்டர் அவருக்கும் பின்னால், கைகட்டிக்கொண்டு.

"அருமை," என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். "இவ்வளவு தூரத்தில் இப்படி ஒரு வசதி! எப்படி இருக்கிறது சேவை, அம்மா?"

வெரி குட் என்று நான் சொல்ல வேண்டும். வாயில் கண்ணாடி இருந்தது. நான் "ஆ" என்றேன்.

"திருப்தியாக இருக்கிறார்," என்று பொறுப்பு டாக்டர் மொழிபெயர்த்தார்.

அதிகாரி டாக்டர் பெண்ணைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அல்வா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு தயாராக இருப்பதாக யாரோ சொல்ல, செருப்புச் சத்தங்கள் வெளியே போயின.

கான்ட்ராக்டர் மட்டும் திரும்பி வந்தார். பின்னாலேயே கயிறும் பாலித்தீனுமாக லோடர்கள்.

"பிரமாதம் தங்கச்சி. எந்திரிங்க. கப்பல் கெளம்பப்போகுது."

நான் எழுந்திருக்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் தைரியசாலி இல்லை. தலைமை ஆசிரியரிடம் அரை நாள் லீவு கேட்பதற்கே ஒரு வாரம் யோசிப்பேன். ஆனால் அந்த வலியோடு அறைக்குத் திரும்பி, மறுபடி கிராம்பு, மறுபடி உப்புத் தண்ணீர் என்று நினைத்தபோது என் உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது.

"பல்லை எடுத்துட்டு எந்திரிக்கிறேண்ணே."

"அட, என்ன தங்கச்சி? போர்ட் பிளேர் வாங்க, நானே பெரிய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். டிக்கெட்டும் நான் பாத்துக்கறேன்."

"இங்கே நாற்காலி இருக்கு. டாக்டர் இருக்காங்க. பல்லும் இருக்கு."

அவர் என் பக்கத்தில் குனிந்தார். குரல் இன்னும் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, உங்க டிரான்ஸ்பர் ஃபைல் எந்த மேசையில கெடக்குன்னு எனக்குத் தெரியும். நேத்துதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினேன், இந்த வருஷம் முடிச்சுக் குடுத்துர்றேன்னு. நம்ம தெரு ஆளு நீங்க. இப்பிடி அடம் புடிச்சா நான் யார்ட்ட போய் பேசறது? சோச் லோ."

யோசித்துக்கொள் என்கிறார். மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. பரீட்சை நேரத்தில் அம்மா வீட்டில் இருப்பாள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். கைப்பிடியிலிருந்து என் கை தானாகத் தளர்ந்தது. எழுந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது டாக்டர் பெண் என் தோளை அழுத்தினாள்.

"வாயத் திறங்க அக்கா."

அவள் கையில் இருந்த ஊசி அதற்குள் என் ஈறில் இறங்கிவிட்டது. மரத்துப்போகும் மருந்தைத் தன் கைக்காசில் வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தாளாம். காலையிலேயே நர்ஸிடம் சொல்லிக் கருவிகளைச் சுத்தம் செய்து வைத்துவிட்டாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஏய், ஏம்மா! உன் கான்ட்ராக்ட் என் கையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்!"

"சார், ஊசி போட்டாச்சு. இப்ப எழுப்புனா மயக்கம் போட்டு விழுவாங்க. அங்க சாப் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. சத்தம் கேட்டா எந்திரிச்சு வருவாரு. பரவால்லையா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். அழுத்தம், ஒரு நெரிசல், எலும்புக்குள் ஏதோ முறிகிற சத்தம். பிறகு ஒரு தட்டில் டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைப் போல் இனிமையான எதையும் நான் அதன்பின் கேட்கவில்லை.

பஞ்சைக் கடித்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். தட்டை நர்ஸ் தூக்கி வந்தாள். வராந்தாவில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு நிக்கோபாரிப் பெரியவர் எழுந்து, யாரையும் கேட்காமல் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். வரிசை தானாக உருவாகிவிட்டது. நடிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜமாகவே பல் சொத்தை. வருஷக்கணக்கில் டாக்டர் இல்லாத ஊரில் வேறு எப்படி இருக்கும்? செய்தி பரவி கடைத்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நாற்காலியைக் கட்ட வந்த லோடர்களில் ஒருவர் கான்ட்ராக்டரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

"டேய், நீயுமாடா?"

"மாசக்கணக்கா வலி சாப்," என்றார் அவர்.

கப்பல் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. கான்ட்ராக்டர் ஜெட்டிப் பக்கம் ஓடினார், திரும்பி ஓடி வந்தார். அந்த நேரத்தில்தான் அதிகாரி சாப்பாடு முடித்து ஹெலிபேடுக்குப் போகும் வழியில் இந்தக் கூட்டத்தைக் கண்டு வண்டியை நிறுத்தினார்.

வாயில் ரத்தப் பஞ்சோடு இருந்த எங்கள் எல்லோரையும் பார்த்து அவர் நெகிழ்ந்துவிட்டார். "இதைத்தான் நான் பார்க்க வந்தேன்," என்றார். எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, இந்த நாற்காலி இந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய சேவை என்று பேசினார். தன் கழுத்தில் கிடந்த மாலையை எடுத்து நாற்காலிக்கே போட்டார். மாலை போட்ட நாற்காலியை அப்புறம் யார் பிரிப்பது? கான்ட்ராக்டர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அதிகாரி நினைத்திருப்பார். கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது.

இதோடு கான்ட்ராக்டர் மாட்டிக்கொள்வார் என்று நான் நம்பினேன். வடக்குத் தீவில் அதிகாரி இறங்கும்போது அறையில் நாற்காலி இருக்காதே. அதற்குப் பிறகு நடந்ததை, பொறுப்பு டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டே தவணை தவணையாக என்னிடம் சொன்னார். அவருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

வடக்கில், நாற்காலி பழுதுபார்க்க மேன்லேண்ட் போயிருக்கிறது என்றார்களாம். இவ்வளவு உபயோகப்படுத்துகிறார்களா என்று அதிகாரி அதையும் பாராட்டினாராம். அதன் பிறகு முதல் இரண்டு தீவுகளிலிருந்தும் கடிதம் வந்தது: எங்கள் நாற்காலியைக் காணவில்லை, தெற்கே ஒரு தீவில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஒரு போலீஸ்காரர் வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அது திருட்டுப் பொருள்தானா என்று விசாரித்தார். விசாரித்தபின் வாயைத் திறந்து காட்டி, ஒரு பல்லை அடைத்துக்கொண்டு போனார்.

கடைசியில் ஒரு குழு போட்டார்கள். குழு ஆழ்ந்து யோசித்து இப்படி முடிவுக்கு வந்தது: நான்கு நாற்காலிகளும் முறைப்படி வந்து சேர்ந்தன. அவற்றில் மூன்று, கடல் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பயன்படாமல் போய்விட்டன. அந்த மூன்றையும் கழித்துக்கட்டிப் பழைய இரும்பாக ஏலம் விட உத்தரவாயிற்று. இல்லாத நாற்காலிகளை ஏலத்தில் எடுக்க ஒருவர் முன்வந்தார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக மூன்று நாற்காலி சப்ளை செய்யும் டெண்டரும் பிறகு அவருக்கே வந்தது. அனுபவம் உள்ளவர் அல்லவா.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆய்வு முடிந்த பின்னும் அரசு உபகரணத்தின் மீது அனுமதியின்றி அமர்ந்திருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பல் வலித்தது என்று பதில் எழுதினேன். பதில் திருப்திகரமாக இல்லை என்று வந்தது. மாற்றல் மனுவும் திரும்பி வந்தது, பொதுநலன் கருதி நான் அங்கேயே தேவைப்படுகிறேன் என்று. அன்று சாயங்காலம் மகளிடம் போனில் சொன்னேன். அவள், "பல் இப்ப வலிக்கலையாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அழுதேன்.

டாக்டர் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. கட்டளையை மீறியதற்காக அவளை அந்தத் தீவிலேயே போட்டார்கள். வேறு யாரும் போக விரும்பாத இடம் என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்து, "அக்கா, தண்ணி லைன் போடச் சொல்லிட்டேன்!" என்றாள். பக்கத்துத் தீவுகளிலிருந்து டோங்கிப் படகில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அரசாங்கம் யாரையாவது தண்டிக்கப்போய் ஒரு ஊருக்கு நல்லது நடந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கான்ட்ராக்டர் என்னோடு பகை பாராட்டவில்லை. விடுமுறைக்குப் போயிருந்தபோது ஷாதிபூர் தெருவில் பார்த்தேன். "பல்லு எப்பிடி இருக்கு தங்கச்சி?" என்று விசாரித்தார். எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் டேங்கர் வருவது நின்றிருந்தது. ஓட்டுநருக்கு வழி மறந்துவிட்டதாம்.

அந்த விடுமுறை முடிந்து தெற்கே திரும்பும்போது கப்பலில் பங்க் வகுப்பு. என் படுக்கைக்கு எதிர்ப் படுக்கையில் ஒரு பெண். மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம், தமிழ் முஸ்லிம்கள், நாற்காலி முதலில் போய்வந்த தீவில் இருக்கிறார்கள். பல் பிடுங்குவதற்காகவே போர்ட் பிளேர் வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கப்பலுக்குக் காத்திருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கன்னம் இன்னும் வற்றவில்லை.

"எங்க ஊர்லயும் பல்லு நாற்காலி ஒண்ணு இருந்துச்சாம் டீச்சர். உப்புக் காத்துல துரு புடிச்சுப் போச்சாம். நாங்க கண்ணால பாக்கக்கூட இல்ல. அதுக்குள்ள நாசமாப் போச்சு."

அது துருப்பிடிக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே நாற்காலி ஊர் ஊராகப் போனதையும், மாலையையும், ஏலத்தையும் சொன்னேன். இந்த இடத்தில் சிரிப்பார், அந்த இடத்தில் கான்ட்ராக்டரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கன்னத்தில் கை வைத்தபடி, என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒன்று சொன்னார்.

"அப்ப எங்க நாற்காலிய எடுத்துக்கிட்டது நீங்கதானா?"

நான் மறுபடி விளக்கப் பார்த்தேன். அவர் போர்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.